16 அங்குலத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு குறைவு

சாப்பாட்டு மேசையில் ஏஆர்-15 ரைஃபிளின் அப்பரை, அதாவது பேரல் (குழல்) உள்ள மேல்பாதியைக் கிடத்தி அதன் வாய்க்குள் ஒரு மரக்குச்சியை விட்டுக்கொண்டிருந்தேன். காபியோடு வந்த மனைவி நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் மூணு வாரம் காத்திருந்தீங்களா?" என்றாள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடியிருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று. குச்சி உள்ளே போய் போல்ட் முகத்தில் இடித்து நின்றது. பேரலின் வாயான மசில் முனையில் பென்சிலால் கோடு கிழித்து, உருவி எடுத்து, எஃகு ஸ்கேலை வைத்தேன். 15 அங்குலமும் 31/32ம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தேன். அதேதான்.

அமெரிக்க மத்திய சட்டப்படி ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எனக்குக் குறைந்தது 1/32 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர். பர்ஸிலிருந்து கிரெடிட் கார்டை எடுத்துப் பார்த்தேன், அதன் கனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் கனத்துக்குப் பெயர்தான் பதிவு செய்யாத குறும்பேரல் ரைஃபிள். உச்சபட்ச தண்டனை பத்து வருடம் சிறை.

எனவே இது இரண்டு கடைகளைப் பற்றிய விமர்சனம். பேரல் முனையில் ஒரு துண்டை நிரந்தரமாகப் பொருத்தும் 'பின் அண்ட் வெல்ட்' என்கிற ஒரே வேலையை ஒரே பேரலுக்கு இரண்டு இடத்தில் செய்துகொண்டேன். முதல் கடையின் பெயரைப் போடப்போவதில்லை, கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கடைக்காரர், "தயவுசெய்து யாருக்கும் சொல்லாதே, ஏற்கெனவே ஆறு வார வேலை குவிந்து கிடக்கிறது" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரும் இல்லை. பெயரில்லாத விமர்சனத்தால் என்ன பயன் என்பீர்கள். நீங்கள் போகப்போகும் கடையில் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ராணுவத்தின் எம்4 கார்பைனில் பேரல் 14.5 அங்குலம். கைக்கு அடக்கமான நீளம், நிறைய பேருக்கு அதன் மேல் ஒரு கண். சாதாரணக் குடிமகன் 14.5 அங்குல பேரலை ரைஃபிளில் வைத்துக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, துப்பாக்கிகளை மேற்பார்க்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப்.பிடம் ஃபார்ம் 1 போட்டு, கைரேகை, புகைப்படம் கொடுத்து, எஸ்.பி.ஆர். (குறும்பேரல் ரைஃபிள்) என்று முறைப்படி பதிவு செய்வது. இரண்டாவது, பேரல் முனையில் ஒரு ஃப்ளாஷ் ஹைடரையோ (சுடும்போது வரும் தீப்பொறியை அடக்குவது) மசில் பிரேக்கையோ (உதைப்பைக் குறைப்பது) இனி கழற்றவே முடியாதபடி பொருத்தி, மொத்த நீளத்தை 16க்கு மேல் கொண்டுபோவது. நிரந்தரமாகப் பொருத்திய எதையும் ஏ.டி.எஃப். பேரலின் பகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருகி மட்டும் மாட்டியிருந்தால் அது கணக்கில் வராது.

'நிரந்தரம்' என்பதற்கும் அவர்கள் அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். முழுதாக உருக்கிச் சேர்க்கும் வெல்டிங், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத சூட்டில் வெள்ளிப் பற்று, அல்லது பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஆணி செருகி அதன் தலையை வெல்டால் மூடுவது. கடைசியாகச் சொன்னதுதான் பின் அண்ட் வெல்ட். லாக்டைட் பசை போட்டு இறுக்கிவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது.

16 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். கதை சுவாரசியம். 1934இல் மதுவிலக்குக் கால கோஷ்டிச் சண்டைகளின் சூடு ஆறாத நிலையில் தேசிய துப்பாக்கிச் சட்டம் வந்தது. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கிக்கு வரி போட்டால் ரைஃபிளை அறுத்துச் சின்னதாக்கி ஒளித்து வைப்பார்களே என்றுதான் குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன் இரண்டையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்ப, கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். அதற்குக் காவலாக வைத்த விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் பந்தலைப் பிரிக்காமல் விட்ட கல்யாண வீடு மாதிரி. முதலில் ரைஃபிளுக்கும் 18 அங்குலம் என்றிருந்தது, 1960இல் 16 ஆக்கினார்கள். ஷாட்கன்னுக்கு இன்றும் 18தான். பதிவு வரி 200 டாலர், 1934இல் டாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவு. அந்த 200ஐ தொண்ணூறு வருடம் யாரும் தொடவில்லை. 2026 ஜனவரி 1 முதல் சத்தம் குறைக்கும் சப்ரசருக்கும் குறும்பேரல் ரைஃபிளுக்கும் வரி பூஜ்ஜியம். பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

"வரியே இல்லைன்னா பேசாம பதிவு பண்ணிக்க வேண்டியதுதானே அண்ணா, எதுக்கு இந்த வெல்டிங் பாடு?" என்று கேட்டான் ஆபீஸ் தம்பி. நியாயமான கேள்வி. என் பதில் ஒன்றுதான்: டெக்சஸை விட்டு வெளியே கொண்டுபோவது. பதிவு செய்த எஸ்.பி.ஆர்.ஐ வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக முன்கூட்டியே ஃபார்ம் 5320.20 அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். நான் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓக்லஹோமாவில் நண்பன் நிலத்துக்குச் சுடப் போவேன், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று முடிவாகும். அப்போதைக்கு அப்போது கடிதம் போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. வெல்ட் செய்தது வெறும் ரைஃபிள், வண்டியில் பூட்டி வைத்துக்கொண்டு கிளம்பலாம்.

முதல் கடைக்கு வருவோம். ஊருக்குள் பெரிய கடை, கண்ணாடிக் கவுண்டர், வாடிக்கையாளருக்கு இலவச பாப்கார்ன். 14.5 அங்குல அப்பரை ஆன்லைனில் வாங்கி நேரே அவர்களுக்கே அனுப்பச் சொன்னேன். விசை உள்ள கீழ்பாதியான லோயரையும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே விட்டு வைத்திருந்தேன், எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. வரிசை எண் போட்ட லோயர்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அப்பர் வெறும் உதிரிபாகம். ஆனால் வீட்டில் ஒரே ஒரு ரைஃபிள் லோயரும், அதற்கு மாட்ட 16க்குக் குறைந்த ஒரே ஒரு அப்பரும் சேர்ந்து இருந்தால், மாட்டாவிட்டாலும் மாட்டும் எண்ணத்தோடு வைத்திருப்பதாக வாதாட இடமிருக்கிறது. உதிரிபாகங்கள் எப்போது ரைஃபிள் ஆகின்றன என்ற கேள்வி 1992இல் தாம்சன்/சென்டர் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கம்பெனி ஜெயித்தது. ஆனால் வழக்கில் ஜெயிப்பதைவிட வழக்கு வராமலிருப்பது எனக்குப் பிடிக்கும்.

லோயர் விற்பனையாளரிடம் கிடப்பதைக் கேட்டு அதே தம்பி, "நான் போய் வாங்கி வைக்கவா அண்ணா?" என்றான். ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றம். அடுத்தவனுக்காக வாங்கிக்கொண்டு, எனக்குத்தான் வாங்குகிறேன் என்று துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் ஃபார்ம் 4473இல் கையெழுத்துப் போடுவது ஒன்று. அவன் எச்-1பி வேலை விசாவில் இருப்பவன் என்பது இன்னொன்று. குடியேறாத விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையிலிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, நண்பனோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு ஃபேஸ்புக்கில் படம் வேறு போடுகிறார்கள்.

ஹைடரை நானே தேர்ந்தெடுத்தேன். மூன்று முள் வைத்த வகை, நீளம் 2.1 அங்குலம், விலை 89 டாலர். விற்றவர்களின் விளம்பரத்தில் '14.5 பேரலுக்குப் போதும்' என்று இருந்தது. கவுண்டரில் இருந்த பையனும் "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றான். கணக்கைப் பாருங்கள். பேரல் முனையில் திருகு மரை சுமார் 0.6 அங்குலம். அது ஹைடருக்குள் போய்விடும், இரண்டு முறை எண்ணக் கூடாது. 14.5லிருந்து 0.6 போனால் 13.9, அதோடு 2.1 சேர்த்தால் சரியாக 16.0. காகிதத்தில் நூல் பிடித்த மாதிரி சரி. ஆனால் என் பேரல் நிஜத்தில் 14.47. தொழிற்சாலையில் அந்த அளவு வித்தியாசம் சகஜம், சுடுவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அதுதான் பொருட்டு. கடையில் யாரும் குச்சி விட்டு அளக்கவில்லை. பெட்டியில் போட்டிருந்ததை நம்பிவிட்டார்கள்.

ஹைடருக்கும் பேரலுக்கும் நடுவே நசுங்கும் வாஷர் போட்டிருந்தால் அதன் கனத்திலேயே தப்பித்திருப்பேன் என்பது வேறு வயிற்றெரிச்சல். பின்னால் சப்ரசர் மாட்டும் எண்ணம் இருந்ததால் நான்தான் மெல்லிய ஷிம் (தகட்டு வளையம்) போடச் சொன்னேன். வாஷர் ஒரு பக்கமாக நசுங்கினால் ஹைடர் சாயும், சாய்ந்த ஹைடரில் மாட்டிய சப்ரசரின் உட்சுவரில் தோட்டா உரசும்.

125 டாலர், மூன்று வாரம். வெல்ட் பார்க்க அழகாகவே இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். திரும்பக் கொண்டுபோய்க் குச்சியைக் காட்டியபோது கவுண்டர் பையன் தோளைக் குலுக்கி, "யார் சார் வந்து அளக்கப்போறாங்க?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வேலை தப்பாகப் போகலாம், மனிதர்கள்தானே. ஆனால் நான் காசு கொடுத்ததே யாராவது அளந்தால் சரியாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான். மேனேஜர் வந்தார், தானே அளந்தார், முகம் மாறியது, கூலியைத் திருப்பிக் கொடுத்தார். ஹைடர் விலை கிடைக்கவில்லை. அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், பிறகு அது இரும்புச் சாமான்.

இரண்டாவது ஆள் ஆஸ்டினிலிருந்து ஃபிரெடரிக்ஸ்பர்க் போகிற பக்கம், பிரதான சாலையிலிருந்து விலகி, மாடு தாண்டாமலிருக்கத் தரையில் இரும்புக் கம்பி பதித்த கேட்டைக் கடந்து, ஒரு தகரக் கொட்டகை. எழுபது வயதிருக்கும். போர்டு கிடையாது, நாய் உண்டு. லேத், மில்லிங் மெஷின், டிக் வெல்டர், சுவரில் எண்ணெய் படிந்த காலண்டர். நான் கதையை ஆரம்பிக்குமுன்பே அப்பரை வாங்கி, சேம்பரைப் பார்த்து, போல்ட்டை மூடி, தன் பித்தளைக் கம்பியை உள்ளே விட்டுவிட்டார். "முப்பத்தொன்று பை முப்பத்திரண்டு" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

16.1க்குக் குறைந்து எதுவும் தன் கொட்டகையை விட்டு வெளியே போகாது என்பது அவர் கொள்கை. என் குச்சியும் அவர் கம்பியும் இன்னொருவர் ஸ்கேலும் ஒரே மாதிரி சொல்லும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அந்தப் பத்தில் ஒரு அங்குலம் நிம்மதிக்கான விலை என்றார். 2.3 அங்குல ஹைடரை அவரிடமே வாங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியை முதல் கடையில் யாரும் கேட்கவில்லை: "இந்த கேஸ் பிளாக்கோடு சாகும்வரை வாழத் தயாரா?" எனக்குப் புரியவில்லை. காட்டினார். கேஸ் பிளாக் என்பது சுடும்போது வரும் வாயுவைத் திருப்பிவிட பேரல் மேல் மாட்டியிருக்கும் துண்டு, அதன் துளை 0.750 அங்குலம். ஹைடரின் வெளிவிட்டம் அந்தத் துளையைவிடப் பெரிது. ஹைடர் கழலாது என்றால் கேஸ் பிளாக்கும் முன்பக்கமாக வெளியே வராது. அதற்குள் ஏதாவது கோளாறு என்றால் மறுபடி வெல்டை அறுக்க வேண்டும். பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் உறையான ஹேண்ட்கார்டும் அப்படியே, சிலவற்றைப் பிடித்து நிறுத்தும் பேரல் நட் ஹைடரைத் தாண்டி வரும், சிலது வராது. என்னுடையது மயிரிழையில் வரும் என்று அளந்து சொன்னார். கேஸ் பிளாக்கைக் கழற்றி, துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, திருகுகளை இறுக்கி, தட்டி முடக்கிவிட்டுத்தான் ஹைடர் பக்கமே போனார். இதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

பழைய வெல்டை மில்லிங்கில் செதுக்கி, ஆணியைப் பிடுங்கி, ஹைடரைத் திருகி எடுத்தார். பேரல் மரையில் முதல் கடை துளைத்த சின்னக் குழி தெரிந்தது. ஆழமில்லை, குழலின் உட்சுவரை அது தொடவில்லை என்பதைப் பார்த்துக் காட்டினார். ஆழம் கூடினால் பேரலே வீண். புது ஆணி அந்தக் குழியில் விழாதபடி இடத்தை மாற்றினார். ஷிம் போட்டு, முட்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி எதுவும் நேர் கீழே வராதபடி நிறுத்தினார். இல்லையென்றால் படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பும். ஆணி, டிக் வெல்ட், தேய்ப்பு, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட். நான் வெளியே நாயோடு உட்கார்ந்திருந்தேன். பிரித்தெடுக்க 40, புதிதாகப் போட 90, ஹைடர் 95. காசாகவோ செக்காகவோ மட்டும்.

கடைசியில் கம்பியை என் கையில் கொடுத்து, "நீயே அள" என்றார். 16.17.

இப்போது சுட்ட அனுபவம். விற்பனையாளரிடமிருந்து லோயரை எடுத்து மாட்டி, இதுவரை சுமார் 600 தோட்டா சுட்டிருக்கிறேன். நூறு கஜத்தில் 16 அங்குல பேரலுக்கும் இதற்கும் காகித இலக்கு எந்த வித்தியாசமும் காட்டவில்லை. ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் நொடிக்கு 25, 30 அடி குறையும் என்பார்கள். ஒன்றரை அங்குலத்துக்கு 40 சொச்சம். என் குறிபார்க்கும் திறமையில் அதெல்லாம் தெரியப்போவதில்லை, என்.சி.சி.யில் .22 சுட்டபோதும் இதே லட்சணம்தான். அந்தி வெளிச்சத்தில் சுட்டால் மசிலில் சின்னப் பொறிதான் தெரிகிறது. ஃப்ளாஷ் ஹைடர் என்பது எதிரே இருப்பவன் கண்ணிலிருந்து நம்மை மறைக்க என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக அது சுடுகிறவனின் கண் கூசாமலிருக்கத்தான். மூன்று முள் வகைக்கு ஒரு குணம், மாகசின் போடும்போது எங்காவது இடித்தால் இசைக்கவை மாதிரி 'ணிங்' என்று பாடும். எனக்குப் பிடித்திருக்கிறது, ஓக்லஹோமா நண்பனுக்குப் பிடிக்கவில்லை. அவன் மசில் பிரேக் போட்டிருக்கிறான். உதைப்பு குறைவு, ஆனால் பக்கத்தில் நிற்பவன் காதைப் பிய்த்துவிடும். கூரை போட்ட ரேஞ்சில் அவன் பக்கத்து வரிசையில் யாரும் நிற்பதில்லை.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 16 அங்குல பேரலில் சாதாரண ஏ2 ஹைடரைத் திருகினால் மொத்தம் சுமார் 17.1 வரும். என்னுடையது 16.17. இத்தனை அலைச்சலுக்கும் நான் மிச்சம் பிடித்தது ஒரே ஒரு அங்குலம். முனையில் பாரம் கொஞ்சம் குறைவு, கையில் எடுத்தால் தெரிகிறது. ஆனால் யாராவது என்னிடம் வந்து முதல் ரைஃபிள் வாங்கப்போகிறேன் என்றால் 16 வாங்கு, திருகி மாட்டு, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்றுதான் சொல்வேன். இது இரண்டாவது ரைஃபிளுக்கான வேலை. ஹைடரோ மவுண்டோ மாதத்துக்கொன்று மாற்றும் சுபாவம் உள்ளவர்கள் கிட்டவே வரக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம், நான் எழுதியதெல்லாம் மத்திய சட்டமும் டெக்சஸும். நியூ ஜெர்சியிலிருக்கும் மச்சினர் இதே ஹைடர் வேண்டும் என்று கேட்டார், வேண்டவே வேண்டாம் என்றேன். ராணுவ பாணித் துப்பாக்கிகள் மீதான 1994இன் மத்திய தடைச் சட்டம் 2004இல் காலாவதியானாலும், எந்தெந்த அம்சம் கூடாது என்ற அதன் பட்டியலைச் சில மாநிலங்கள் விடவில்லை. கழற்றும் மாகசின் வைத்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில், நியூ ஜெர்சியில் ஃப்ளாஷ் ஹைடரும் அதை மாட்ட வசதியான மரையும் தடைப் பட்டியலில் எண்ணப்படுபவை. அங்கே மசில் பிரேக்கை வெல்ட் செய்து மரையை மூடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஃப்ளாஷ் ஹைடர் கூடாது, பிரேக் பரவாயில்லை. அங்கே மொத்த நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மத்திய சட்டத்தில் அது 26. நியூயார்க்கில் 2013க்குப் பிறகு பிரேக்கும் பட்டியலில் இருக்கிறது. டெக்சஸில் நான் ஆணி அடித்தது நீளத்துக்காக, மச்சினர் அடிக்க வேண்டியது மரையை மறைக்க. வேலை ஒன்று, காரணம் வேறு.

மதிப்பெண். முதல் கடைக்கு ஐந்துக்கு இரண்டு. வெல்டுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, பாப்கார்னுக்கு எதுவுமில்லை. கொட்டகைக் கிழவருக்கு நாலரை. போனை எடுக்கவே மாட்டார், அதற்கு அரை கழித்தேன். உங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடினால் விலை கேட்காதீர்கள், முதலில் அளப்பாரா என்று கேளுங்கள். அளக்கும் கம்பி எங்கே என்று தேட ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என் மரக்குச்சி இரண்டு பென்சில் கோட்டோடு இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. போன வாரம் மகள் அதில்தான் தக்காளிச் செடியைக் கட்டப்போனாள். அலறி வாங்கி வைத்திருக்கிறேன்.